பயணத்துக்கு எந்த காம்பாக்ட் கேமரா வாங்கலாம்?

மெகாபிக்சல் அதிகம் உள்ளதைப் பார்த்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் அளவை முதலில் பாருங்கள். ‘1 இஞ்ச்’ சென்சார் என்பது பெயர்தான், உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ. ‘30 மடங்கு ஜூம்’ என்று விற்கும் சின்ன கேமராக்களில் பெரும்பாலும் 6.2 × 4.6 மி.மீ.தான், பரப்பில் கால்வாசி. நல்ல வெயிலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இருட்டியதும் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

அப்புறம் லென்ஸ். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடலில் 24 மி.மீ. (அகலமான காட்சி) முதல் 200 மி.மீ. (தூரத்தில் உள்ளது நெருக்கமாக) வரை ஜூம் உண்டு, எடை 302 கிராம். ஆனால் முழுக்க ஜூம் செய்தால் லென்ஸின் திறப்பைச் சொல்லும் எஃப் எண் 2.8-இலிருந்து 4.5 ஆகிவிடும் (எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), சென்சாருக்கு வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ரிக்கோ ஜிஆர் 3-இல் ஜூமே கிடையாது, 28 மி.மீ. மட்டும். பதிலுக்கு, 257 கிராமில் 1 இஞ்சை விடப் பெரிய, ‘ஏபிஎஸ்-சி’ என்ற அளவு சென்சார். தெருவையும் மனிதர்களையும் எடுப்பவர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். தூரத்துச் சிற்பங்களை நெருக்கமாக எடுக்க ஆசை என்றால் சோனி. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரும் அதில் இருக்கிறது. வெயிலில் திரை மங்கும்போது அதன் அருமை தெரியும்.

டிஜிட்டல் ஜூம் (படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது) எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம். எதை வாங்கினாலும் கூடவே இன்னொரு பேட்டரியும் வாங்கிவிடுங்கள்; ரிக்கோவில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான் வரும்.