பிக்கிள்பால்: முதலில் ஷூ, அப்புறம் பேடில்

சென்னையில் காலி மனை, மொட்டை மாடி என்று எங்கே பார்த்தாலும் பிக்கிள்பால் கோர்ட் முளைத்துவிட்டது. பேடில் என்ற மட்டையால் சின்ன பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேலே அடித்து ஆடும் ஆட்டம் இது. கூடவே கெண்டைக்கால், மணிக்கட்டு, முழங்கை என்று என்னிடம் வருகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள். நான் விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்ட். சாயங்காலங்களில் நானும் ஆடுகிறவள். புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு 56 வயது. இதுவரை காலை நடைப்பயிற்சி மட்டும்தான். நண்பர்கள் பிக்கிள்பாலுக்குக் கூப்பிடுகிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஷூவிலிருந்து. வாக்கிங் ஷூவோடு கோர்ட்டில் இறங்காதீர்கள். அது நேராக முன்னால் போவதற்காகச் செய்தது. குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும். இந்த ஆட்டத்திலோ பக்கவாட்டு அசைவுதான் அதிகம். சட்டென்று வலப்பக்கம் தாவினால் அந்த மெத்தை ஒரு பக்கம் அமுங்கும், கணுக்கால் மடங்கிவிடும். வெளிக் கோர்ட்டுக்கு டென்னிஸ் ஷூ, உள்ளரங்கத் தரைக்குப் பேட்மின்டன் ஆடுகிறவர்கள் போடும், தரையில் தடம் பதிக்காத நான்-மார்க்கிங் ஷூ. பேடிலை முதல் மாதம் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரத்துக்குள் என்று தொடங்குங்கள். 11 பாயின்ட்டில் ஒரு கேம் முடிந்துவிடும். ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று ஆறு கேம் ஓடியிருக்கும். பெரிதாக மூச்சு வாங்காததால் உடம்பு தாங்குகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பழக மாதக்கணக்கில் ஆகும்.

இதயப் பிரச்சினை, சர்க்கரை, பிபி இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். ஆடும்போது நெஞ்சு இறுக்கினால் அந்தப் பாயின்ட் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: சின்ன பிளாஸ்டிக் பந்துதானே, இதில் பெரிய அடி எப்படிப் படும்?

பெரும்பாலும் பந்தால் படுவதில்லை, விழுவதால் படுகிறது. அதிலும் பின்பக்கமாக விழுவதால்.

நெட் பக்கத்தில் நிற்கிறீர்கள். எதிராளி உங்கள் தலைக்கு மேலே லாப் போடுகிறார். கண் பந்து மேலேயே இருக்க, நீங்கள் முகத்தைத் திருப்பாமல் பின்னால் பின்னாலேயே ஓடுகிறீர்கள். எடை குதிகாலுக்குப் போய்விடும், மேல்உடம்பு காலை முந்திக்கொண்டு சாயும். விழும்போது கையை ஊன்றுவோம்; முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் அங்கேயே முறிவு. கை ஊன்ற நேரமில்லை என்றால் தலை தரையில் மோதும்.

இதற்கு ஒரு பழக்கம் போதும். லாப் வந்தால் முதலில் ஒரு காலைப் பின்னால் வைத்து உடம்பைப் பக்கவாட்டில் திருப்புங்கள், அப்புறம் முன்னோக்கி ஓடுவதுபோல ஓடுங்கள். எட்டாது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பாயின்ட்தானே! இரட்டையரில் ‘என்னோடது’, ‘உன்னோடது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேடிலை முதன்முதலாகப் பிடிக்கிறவர்களுக்கு சர்வீஸ் கற்றுக்கொடுக்கும் முன்பே இதைத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி.

பக்கத்துக் கோர்ட்டிலிருந்து பந்து உருண்டு வந்தால் ‘பால்!’ என்று கத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். அதை மிதித்து விழுந்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அக்கா, வார்ம்-அப் அவசியமா? ஸ்லாட் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது.

ஸ்லாட்டுக்கு முன்னால் வெளியே நின்றே செய்யலாமே. ஐந்து நிமிட வேக நடை, பக்கவாட்டு நடை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது தடவை மெதுவாக உயர்த்தி இறக்குவது, தோளைச் சுற்றுவது. நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆடும்போது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. மாமியார் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்கிறார்.

நீவ வேண்டாம். கெண்டைத்தசை கிழிந்திருந்தால் அழுத்தி நீவும்போது உள்ளே ரத்தக்கசிவு கூடும். சுளுக்கு எடுக்கிறவரிடமும் இப்போது போகாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள்.

‘உதைத்த மாதிரி’ என்பதுதான் எனக்குக் கவலை. குதிகால் நாண் அறுந்தாலும் இப்படியே சொல்வார்கள், சில சமயம் ‘பட்’ என்று சத்தமும் கேட்கும். வலி குறைந்து, நொண்டி நொண்டி நடக்கவும் முடிவதால் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலால் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியவில்லையா? இன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் சிகிச்சை சிக்கலாகிவிடும்.

இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் நாண்களைப் பலவீனப்படுத்தக்கூடும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த அபாயம் அதிகம். சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு மாதமாக ஆடுகிறேன். முழங்கையின் வெளிப்பக்கம் வலி. காபி டம்ளரைத் தூக்கினாலே சுருக்கென்கிறது.

டென்னிஸ் எல்போதான். பேடிலை இறுக்கிப் பிடிப்பதும் பேக்ஹேண்டை மணிக்கட்டால் சுண்டி அடிப்பதும்தான் வழக்கமான காரணங்கள். முழு பலத்தைப் பத்து என்று வைத்தால் மூன்று, நான்கு அளவில் பிடித்தால் போதும். கைப்பிடி மெல்லிதாக இருந்தால் தானாகவே இறுக்குவோம், அதன்மேல் ஓவர்கிரிப் என்ற மெத்தென்ற நாடாவைச் சுற்றிப் பாருங்கள். அடி தோளிலிருந்து வரட்டும். வலி தணியும்வரை ஆட்டத்தைக் குறைத்து, மணிக்கட்டுக்கான பயிற்சிகளை ஒரு பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே ஆடுவது சரியான வழி இல்லை.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் பேட்மின்டன் கோர்ட்டில் ஆடலாமா?

அளவு ஒன்றேதான், 20 அடிக்கு 44 அடி. 1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்டில்தான். நெட்டை மட்டும் நடுவில் 34 அங்குலத்துக்கு, ஓரங்களில் 36 அங்குலத்துக்கு இறக்க வேண்டும். நெட் அருகே பந்தைத் தரையில் படாமல் அடிக்கக்கூடாத பகுதி 7 அடி. பேட்மின்டனின் முன்கோடு ஆறரை அடியில்தான் இருக்கும், ஆறு அங்குலம் தள்ளி டேப் ஒட்டுங்கள்.

பேட்மின்டன் ஆடியவர்கள் பழக்கதோஷத்தில் எகிறிக் குதித்து ஸ்மாஷ் அடிப்பார்கள். தோள்பட்டையில் பழைய வலி இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டு ஆடலாமா?

சாதாரணக் கண்ணாடி உடைந்து கண்ணிலேயே குத்தும். பாலிகார்பனேட் லென்ஸ் உள்ள விளையாட்டுக் கண்ணாடி போடுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்3164 என்ற தரக்குறியீடு இருந்தால் நல்லது. நெட்டுக்கு அருகே நால்வர் நிற்கும்போது பந்து முகத்துக்கு வர கண் சிமிட்டும் நேரம்தான். அடிபட்ட பிறகு மின்னல் போல ஒளி, மிதக்கும் புள்ளிகள், திரை இறங்கியது போன்ற மறைப்பு இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரை விலகியிருக்கலாம்.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஆடலாமா?

இதய மருத்துவர் சம்மதித்தால் ஆடலாம். ஆனால் விழுந்து தலையில் அடிபட்டால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் எழுந்து நின்றாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உள்ளே கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

கேள்வி: மொட்டை மாடிக் கோர்ட் ஒன்றில் மாதச் சந்தா கட்டப்போகிறோம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கோடுகளுக்கு வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். வேலி, தூண், கைப்பிடிச் சுவர் எல்லாம் கோட்டை ஒட்டியே இருந்தால் வேறு இடம் தேடுங்கள். மொத்தம் 30 அடிக்கு 60 அடியாவது வேண்டும். மார்கழிக் காலையில் பனி இறங்கியதும் பெயின்ட் பூசிய தரை வழுக்கும், மழை விட்ட பிறகும் அப்படித்தான். துடைக்க ஆள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பணம் கட்டும் முன் இரவில் ஒருமுறை போய், லாப் பந்தைப் பார்க்க அண்ணாந்தால் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.