பாட்டி குந்திகினே இருக்கட்டும்

கேள்வி: எங்கள் ஏரியாப் பேச்சிலேயே கதை எழுதுகிறேன். "வடசென்னை எழுத்தாளர்னு முத்திரை குத்திடுவாங்க, ஊரை மறைச்சுப் பொதுத்தமிழில் எழுது" என்கிறார்கள் தோழிகள். என் கேரம் போர்டு கதையை இரண்டு பத்திரிகைகள் திருப்பிவிட்டு, "உங்கள் பகுதியின் துயரத்தை எழுதுங்களேன்" என்றன. நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: ஊரை மறைக்காதீர்கள். குத்துகிறவர்கள் எப்படியும் குத்துவார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது இது. ஒரு கதையில் பாட்டி வாசற்படியில் "குந்திகினு" வெற்றிலை இடிப்பாள். புரூஃபில் அதைச் சிவப்பு மையால் அடித்து "அமர்ந்துகொண்டு" என்று மாற்றிவிட்டோம். அச்சாகி வந்ததும் படித்தேன். பாட்டியைக் காணோம். வாசற்படியில் வேறு யாரோ இருந்தார்கள். எழுதிய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்; அப்புறம் அவர் எங்களுக்குக் கதையே அனுப்பவில்லை. இன்றும் உறுத்துகிறது. குந்து என்பது நல்ல தமிழ்ச் சொல். அதைக் கொச்சை என்று நினைத்தது எங்கள் தப்பு.

முத்திரைக்குப் பயப்படுகிறீர்கள். 1893-இல் இதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசையாக வீசப்பட்ட சொல்லை முகப்பிலேயே அச்சடித்தார். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டுவந்தார். அவர் அதில் துயரத்தை மட்டுமா எழுதினார்? வரலாறு, பௌத்தம், இலக்கியம், அரசியல் எல்லாம் எழுதினார். 1992-இல் பாமாவின் தன்வரலாற்று நூல் 'கருக்கு' அவர் ஊர்ப் பேச்சிலேயே வந்தது. அவமானத்தோடு பிள்ளைகளின் விளையாட்டும் அதில் உண்டு.

துயரத்தைக் கேட்ட பத்திரிகைக்காரர்களிடம்தான் எனக்குக் கோபம். வசதியான வீட்டுப் பையன் காபி டம்ளரைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் கலை என்கிறோம். நீங்கள் கேரம் எழுதினால் மட்டும் "இதில் உங்கள் பிரச்சினை எங்கே?" என்று கேட்பதா? தெருவிளக்குக்குக் கீழே போர்டு, போரிக் பவுடர் வாசம், சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்து விழவேண்டிய ஃபாலோ காய் விழாமல் போனவன் முகம். பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவர் நீங்கள். துயரத்தை எழுதத் தோன்றும் நாளில் அதையும் எழுதுங்கள், யாரும் கேட்டதற்காக வேண்டாம். பொதுத்தமிழ் தேவைப்படும் இடத்தில் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்களுடையதுதான்.

சரி, கேரம் கதையை எங்களுக்கு அனுப்புங்கள். எந்தப் பெயரில் வர வேண்டும் என்று மேலே குறித்துவிடுங்கள். ஒரு சொல்லில் கை வைப்பதாக இருந்தாலும் உங்களுக்கு போன் செய்து கேட்டுவிட்டுத்தான் வைப்போம்.