கர்ப்பப்பைக் கட்டி: அடினோமையோசிஸா, புற்றுநோயா?

அம்மாவுக்கு வயது 46, மேலூரில் எடுத்த ஸ்கேனில் 'சார்கோமா (தசை, திசுவில் வரும் புற்றுநோய்) சந்தேகம்' என்று எழுதியிருக்கிறார்கள், ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு 140, உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 140-ஐ வைத்துப் பயப்பட வேண்டாம். 35-க்குள் இருக்க வேண்டிய சிஏ-125, புற்றுநோயல்லாத அடினோமையோசிஸிலேயே நூறைத் தாண்டலாம். மாதவிலக்கு நாளில் ரத்தம் எடுத்தாலும் ஏறும்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைக்குள் புகுந்து வளர்வதுதான் அடினோமையோசிஸ். வழக்கமாகக் கர்ப்பப்பை முழுவதும் உருண்டு பருக்கும். ஒரே இடத்தில் கட்டியாகத் திரண்டாலோ, உள்ளே பழைய ரத்தம் தேங்கி நீர்க்கட்டி மாதிரி ஆனாலோ, பாலிப்பாக (சதைத் தொங்கலாக) உள்ளே தொங்கினாலோதான் புற்றுநோயோ என்ற குழப்பம் வருகிறது.

மாதவிலக்கு முடிந்தபின் கான்ட்ராஸ்ட் (ஊசியில் ஏற்றும் மருந்து), டிஃப்யூஷன் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் படம்) இரண்டும் சேர்த்து எம்ஆர்ஐ எடுங்கள். மதுரை பெரியாஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். டி2 என்ற எம்ஆர்ஐ படத்தில் ஜங்ஷனல் ஸோன் (உள்சவ்வை ஒட்டிய தசை அடுக்கு) 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்து, கறுத்த பகுதிக்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அடினோமையோசிஸ் பக்கம் சாயலாம். கட்டி டி2-வில் வெளுத்து, விளிம்பு ஒழுங்கற்று, நடுவே கான்ட்ராஸ்ட் ஏறாத அழுகல் இருந்து, டிஃப்யூஷனில் கிடைக்கும் ஏடிசி என்ற அளவும் குறைந்தால் சார்கோமா சந்தேகம் வலுக்கும். டி2-வில் கறுப்பாக இருக்கும் திசு ஏடிசி-யிலும் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் ஏடிசி எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. ரத்தக்கசிவு அடினோமையோசிஸ், சார்கோமா இரண்டிலுமே வரும். மாதவிலக்கு நின்றபின் புதிதாக வளரும் கட்டியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மெல்லிய குழாய் விட்டுத் திசு எடுக்கும் உள்சவ்வு பயாப்சியும் செய்யுங்கள். அது நார்மல் என்று வந்தால் உள்சவ்வுக்கு மட்டும்தான் பதில். தசைக்குள் இருப்பதை அந்தக் குழாய் தொடுவதே இல்லை.

ஆபரேஷன் என்று முடிவானால், மார்சலேட்டர் என்ற வெட்டும் கருவியால் வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். சார்கோமாவாக இருந்தால் துணுக்குகள் வயிறெங்கும் சிதறும். 2014-லேயே அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை எச்சரித்தது.

அதன்பிறகு நடப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிறிய நர்சிங் ஹோம்களில் கர்ப்பப்பையை முழுசாக ஒரு டப்பாவில் திணித்து, மதுரை லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். திசுவைக் கெடாமல் காக்கும் பார்மலின் உள்ளே இறங்காமல் உள்சவ்வு கெட்டுவிடும். கர்ப்பப்பையை நெடுக வகுந்து, அதன் அளவைப்போல் பத்து மடங்கு 10% பார்மலினில் போடச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் தமாக்சிபென் மாத்திரை சாப்பிட்டிருந்தால் லேபுக்கு அனுப்பும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடினோமையோசிஸில் சுரப்பிகளே இல்லாமல் ஸ்ட்ரோமா (சுரப்பிகளைச் சூழ்ந்திருக்கும் உள்சவ்வுத் திசு) மட்டும் தசைக்குள் திட்டுத்திட்டாக இருந்தால், ஸ்லைடில் ஸ்ட்ரோமல் சார்கோமா (அந்தத் திசுவில் வரும் புற்றுநோய்) போலவே தெரியும். சிடி10 சாயம் இரண்டிலும் பிடிக்கும், அது பிரித்துக் காட்டாது. இன்னும் நிறைய பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) எடுத்து, பக்கத்தில் சுரப்பி தென்படுகிறதா, சுற்றியுள்ள தசை தடித்திருக்கிறதா என்று தேட வேண்டும். ரிப்போர்ட்டில் தயக்கம் தெரிந்தால் மறு ஆபரேஷனுக்கோ கீமோவுக்கோ போகுமுன் ஸ்லைடு, பிளாக் இரண்டையும் லேபில் கேட்டு வாங்கி, பெண்கள் புற்றுநோய் பார்க்கும் வேறொரு பெத்தாலஜிஸ்டிடம் (திசுவை ஆராயும் மருத்துவரிடம்) காட்டுங்கள்.