மதுரையில் வெயில் எந்தப் பகுதியை அதிகம் வாட்டும் என்று எப்படிக் கணிப்பது?

செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரியும் வார்டுகளைக் குறித்துக்கொண்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கல்லூரி புராஜெக்டுக்கு நானும் முதலில் அதைத்தான் செய்தேன். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த கோடைகாலப் படத்தில் பளிச்சென்று சிவந்திருந்தது காய்ந்து கிடந்த வைகை மணலும், ஊருக்கு வெளியே இருக்கும் தரிசும்தான். அங்கே யார் குடியிருக்கிறார்கள்?

லேண்ட்சாட் நம் ஊரைக் கடப்பது காலை பத்து, பத்தரை வாக்கில். அது காட்டுவது தரையும் கூரையும் எவ்வளவு சுடுகின்றன என்பதை. காற்றின் சூடு வேறு. மணல் சட்டென்று சூடேறும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். கான்கிரீட்டும் செங்கல்லும் பகலில் வாங்கியதை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டிருக்கும்.

செல்லூரில் என் அத்தை வீடு சிமென்ட் ஷீட் போட்டது. ஒரே அறை, ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை அங்கே மாட்டிவைத்தேன். இரவு 11 மணிக்கும் 36 டிகிரி. ஃபேன் அனலைத்தான் வாரி இறைத்தது. கதவைத் திறந்துபோட்டுத் தூங்கத் திருட்டுப் பயம். "பகல எப்படியாச்சும் ஓட்டிரலாம்யா, ராத்திரியத்தான் தாங்க முடியல" என்றார். அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு.

ஆய்வாளர்கள் பார்க்கும் மூன்றும் அந்த ஒரு அறையிலேயே இருக்கின்றன: எவ்வளவு சூடு படுகிறது, உடம்பு எவ்வளவு தாங்கும், தப்பிக்க என்ன வழி. பின்னிரண்டுக்கும் வீடு வீடாகப் போனால்தான் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பலாம் என்றால், அது கடைசியாக முடிந்தது 2011-இல். வார்டுச் சராசரியையும் நம்பாதீர்கள்; நாலு தெரு ஏசி வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்துத் தகரக் கொட்டகைகள் காணாமல் போய்விடும்.

சரி, எந்தப் பகுதி அதிகம் வாடும் என்று போட்ட கணக்கு சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் சொன்னது. ஆனால் இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றுதானே ஏறுகிறது? அதனால் மொத்த இறப்பைப் பாருங்கள். அகமதாபாத்தில் 2010 மே மாதத்து இறப்புகளை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை வைத்து வார்டு வாரியாக இங்கேயும் அதைச் செய்யலாம்.

அப்புறம், வீடு வீடாகப் போய்க் கேட்கும் உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா? கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் அக்கா ஒருவரிடம் பேசினேன். ஒதுங்க இடமில்லை என்பதால் காலை எட்டு மணிக்கு ஒரு சொம்பு குடிப்பதோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அடுத்த தண்ணீராம்.