பூனை வளர்த்தால் மன உளைச்சல் குறையும் என்கிறார்களே, உண்மையா?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். சென்னையில் வேலை, வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார், பெர்ஷியன் பூனை வாங்கலாமா என்று யோசிக்கிறார். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

குறையும். ஆனால் வாட்ஸ்அப் ஃபார்வர்டில் வருகிற மாதிரி பூனை வந்ததும் வீட்டில் சந்தோஷம் பொங்கி வழியாது. இருக்கிற பாரத்தில் கொஞ்சத்தை இறக்கி வைக்கும், அவ்வளவுதான். சில நாட்களில் அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம்.

எனக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கரு கலைந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பூனை வந்தது. நம் ஊரில் கல்யாணமான பெண்ணைப் பார்த்ததும் என்ன கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "விசேஷம் ஏதும் உண்டா?" மதுரையில் எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் கேட்டாயிற்று. விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். அது இன்னும் கஷ்டம். ஆறுதல் சொல்ல வந்தவருக்காக முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும், காபி போட வேண்டும், "இப்ப பரவாயில்லக்கா" என்று அவரைத் தேற்றி அனுப்ப வேண்டும்.

சின்னு ஒரு வரிப்பூனை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டி. என் மாமியார் நெத்திலி ஆயும்போது தலைகளைப் போட்டுப் போட்டு அதைப் பழக்கிவிட்டார், பேர் வைத்ததும் அவர்தான். மத்தியானங்களில் கணவர் வேலைக்குப் போயிருப்பார், அத்தை தூங்குவார், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடப்பேன். ஒருநாள் சின்னு ஏறி வந்து நேராக என் அடிவயிற்றின் மேல் படுத்துவிட்டது. சுரீரென்றது எனக்கு. யாரையும் அங்கே கை வைக்க விடாத நாட்கள் அவை. தள்ளிவிட்டேன். இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி முன்னங்காலை நக்கிவிட்டு, மறுபடி அங்கேயே வந்து படுத்தது. திரும்பத் தள்ளினேன், திரும்ப வந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியசுக்கு மேல், நம்மைவிட அதிகம். வெந்நீர்ப் பை வைத்தது போல இதமாக இருந்தது. அது கர்ர் என்று முனகுவது காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் தெரிந்தது.

என் நிலைமை புரிந்துதான் வந்து படுத்தது என்று கதை கட்ட மாட்டேன். மெத்தென்று சூடாக இடம் தேடி வந்திருக்கும். என்மேல் பரிதாபப்படாத ஓர் உயிர் பக்கத்தில் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, எனக்கு நேர்ந்ததோடு அதிகம் பொருந்தியது சுவிட்சர்லாந்தில் டென்னிஸ் டர்னரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. வீட்டில் பூனை இருப்பது மோசமான மனநிலையைத் தணிக்கிறது, ஆனால் நல்ல மனநிலையைக் கூட்டுவதில்லை என்பது அவர்கள் கண்டது. பூனைப் பிரியர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்குச் சரியாகத்தான் பட்டது. 2019-இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. அதில் நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தொட்டுத் தடவியவர்களுக்கு, உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மற்றவர்கள் என்றால் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவர்கள், படம் மட்டும் பார்த்தவர்கள், சும்மா காத்திருந்தவர்கள். ஆக, பூனை வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவது இதற்கு ஈடாகாது போலிருக்கிறது. ஆனால் அது பத்து நிமிட விளைவுதான், மாதக்கணக்கில் நீடிக்குமா என்பது வேறு கேள்வி.

படுக்கையை விட்டு எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும் என்பது அடுத்தது. பசித்தால் சின்னு விடியும் முன்னே முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். 2009-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மக்கோம்ப் குழு சொன்னது இதைத்தான்: சாப்பாடு கேட்கும்போது பூனை எழுப்பும் கர்ர் சத்தத்துக்குள் கைக்குழந்தையின் அழுகையை ஒத்த ஓர் உச்சஸ்தாயி கலந்திருக்கிறது. பூனை வளர்க்காதவர்களுக்கும் அந்தச் சத்தம் அவசரமாகக் கேட்பது போலப் பட்டது. அத்தையிடம் சொன்னேன். "அதான் அஞ்சு மணிக்கே உசுர வாங்குதா" என்றார்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்க வந்தவர்கள், "அட, பூனையெல்லாம் வளர்க்கிறீங்களா" என்று அதன் பக்கம் திரும்பிவிடுவார்கள். பிறகு அவரவர் சின்ன வயசுப் பூனைக்கதை. ஒரு மணி நேரம் அதிலேயே ஓடிவிடும். (எனக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா என்று தயவுசெய்து கீழே கேட்டு எழுதாதீர்கள்.)

"பூனை இருக்கிற வீட்ல கரு தங்காது, கொண்டுபோய் விட்டுடு" என்று சொன்னவர்களும் உண்டு. பூனை வந்ததே அதற்கப்புறம்தான் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் விழவில்லை. இந்தப் பயத்துக்குப் பின்னால் டாக்சோபிளாஸ்மா என்ற நிஜமான ஒட்டுண்ணி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத கீரை காய்கறி, தோட்டத்து மண் வழியாகவும் அது வரும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. தொற்றிய பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, சில வாரங்கள் மட்டுமே மலத்தில் அதை வெளியேற்றுகிறது. அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. அதனால் பூனை மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் கர்ப்பிணி அல்லாத வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும், பூனையைத் துரத்த வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பூனையால் ஆகாத இடமும் இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் பூனையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 14416-க்கு அடித்தால் மத்திய அரசின் டெலி மானஸ் கிடைக்கும், இலவசம், தமிழிலேயே பேசலாம். நானும் மருத்துவரிடம் போனேன், மாத்திரை சாப்பிட்டேன். சின்னு அதோடு சேர்ந்த துணை.

இனி உங்கள் பெர்ஷியன். வேண்டாம் என்பேன். தட்டை மூக்கால் மூச்சுவிடக் கஷ்டப்படும் வகை, சென்னை வெயிலுக்கு அந்த ரோமம் தண்டனை, தினமும் சீவிவிட வேண்டும், பரம்பரையாக வரும் சிறுநீரக நோயும் அதிகம். மனசு சரியில்லாத நாளில் சீப்பை எடுக்கவே கை வராது. புளூ கிராஸ் மாதிரி விலங்குக் காப்பகங்களில் குட்டிப் பருவம் தாண்டிய நாட்டுப் பூனையாகப் பாருங்கள். குட்டி வேண்டாம், அது ராத்திரியெல்லாம் ஓடி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். வந்த புதிதில் தூக்கிக் கொஞ்சாமல் தள்ளி உட்கார்ந்து, கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறந்து பாருங்கள். அப்படிச் செய்பவரிடம் பூனை நெருங்கி வருகிறது என்று சசெக்ஸ்காரர்களே 2020-இல் சோதித்துச் சொன்னார்கள். கருத்தடை ஆபரேஷனும் ரேபிஸ் ஊசியும் கட்டாயம். பிராண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கர்ர் என்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று இருந்துவிடவும் கூடாது. வலியிலும் பூனை அப்படி முனகும், சாப்பிடுவதை நிறுத்தினால் உடனே கால்நடை மருத்துவர்.

வாடகை வீடு என்பதால் வீட்டு ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால்கனிக்கு வலை அடிக்கவும் அவர் சம்மதம் வேண்டுமே.