சுவரொட்டியும் சப்பாத்திக்கள்ளியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பலேர்மோ பயணக் குறிப்பைப் படித்தேன். இத்தாலி என்றதும் ஓவியம், சிற்பம் என்று ஆவலாக இருந்தேன். நீங்களோ மீன் கடையையும் எண்ணெய்ச் சட்டியையும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். குத்தூசோவின் ஓவியத்துக்கு நான்கே வரி. சந்தை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? நம் பக்கத்தில் இல்லாத சந்தையா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு வரி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓவியமே ஒரு சந்தைதானே! 'வுச்சிரியா' என்பது பலேர்மோவின் பழைய சந்தை. ரெனாத்தோ குத்தூசோ 1974-ல் அதை வரைந்தார். மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். தொங்கும் அரை மாடு, வாள்மீன், அடுக்கிய முட்டைகள், நடுவே உரசாமல் போக முடியாத சந்து. வெள்ளை உடைக்காரி ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறாள். அத்தனை கூட்டத்தில் யாரும் பேசுவதாகவே தெரியவில்லை.

அன்று காலைதான் நிஜ வுச்சிரியாவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சொலவடை உண்டு. நடக்காத காரியத்தை 'வுச்சிரியாவின் கல் காயும்போது பார்க்கலாம்' என்பார்கள். மீன் கடைகளின் ஐஸ் உருகி ஓடித் தரைக்கல் எப்போதும் ஈரமாக இருந்த காலத்துப் பேச்சு. நான் போனபோது கல் காய்ந்துதான் கிடந்தது. நாலைந்து கடைகள், மற்றபடி ராத்திரி மதுக்கடைக்கான நாற்காலிகள். பிறகு ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் ஈரம் அங்கே இருக்கிறது. அதையும் அவர் வரைந்தது பலேர்மோவில் இல்லை, வட இத்தாலியில் இருந்துகொண்டு.

சத்தம் மட்டும் ஓவியத்தில் கிடையாது. அதற்காகத்தான் பலேர்மோவின் இன்னொரு சந்தையான பல்லரோவுக்குப் போனேன். அங்கே விலையைக் கூவுவதில்லை, பாடுகிறார்கள். இழுத்து இழுத்து, கடைசி எழுத்தில் குரலை உயர்த்தி. எனக்குக் காரிமங்கலம் மாட்டுச் சந்தை நினைவு வந்தது. நம் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. பல்லரோவில் விலை ஊருக்கே தெரிய வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 'பனெல்லெ' என்று ஒன்று. கடலை மாவுதான், ஆனால் பஜ்ஜி இல்லை. மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டுகிறார்கள், நம் வீட்டில் களி கிண்டுகிற அதே தோள்பட்டை வலியோடு. ஆறவிட்டுத் துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிகிறார்கள். காரம் கிடையாது. முதல் கடியில் ஏமாற்றம், மூன்றாவதில் சரியாகிவிட்டது.

அடுத்தது மண்ணீரல். நம் கறிக்கடையில் சுவரொட்டி என்போமே, அது. இங்கே ஆட்டுடையது, அங்கே மாட்டுடையது. பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் திணித்துத் தருகிறார்கள். பாலாடைக்கட்டி சேர்த்தால் அது 'கல்யாணமானது', சேர்க்காவிட்டால் 'ஆகாதது'. நான் ஆகாததை வாங்கினேன். சின்ன வயதில் ரத்தம் ஊறட்டும் என்று பாட்டி சுட்டுக் கொடுத்த சுவரொட்டியின் இரும்பு வாடை அப்படியே இருந்தது.

கடைசியில் ஒரு பழக்கடை. மஞ்சளும் சிவப்புமாகக் குவித்திருந்தார்கள். கிட்டே போனால் நம் சப்பாத்திக்கள்ளிப் பழம்! ஜூனில் முதல் பூக்களைத் தட்டிவிட்டு, மறுபடி பூக்க வைத்துப் பெரிதாகக் காய்க்க விடுவார்களாம். தர்மபுரி கரட்டில் நாங்கள் மண்ணில் தேய்த்து முள் எடுத்து, நாக்கு சிவக்கத் தின்றது இதைத்தான். கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு மூன்றே வெட்டில் உரித்து நீட்டினார். பெயர் கேட்டேன். 'இந்திய அத்தி' என்றார். செடி என்னவோ மெக்சிகோவிலிருந்து வந்தது.

எங்கள் ஊரில் இது வேலியில் கிடக்கும், யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், நான்கு பழத்துக்கும் காசு வாங்கிக்கொண்டார்.