மகன் டிங்கரிங் கற்கட்டும். வைப்புத்தொகை வங்கியிலேயே இருக்கட்டும்

கேள்வி: சென்னை கொரட்டூரில் வசிக்கிறேன். தனியார் நிறுவனக் கிடங்கில் வேலை. ஓய்வு பெற இன்னும் 6 ஆண்டுகள் உள்ளன. அரசுப் பள்ளியிலேயே படித்துப் பிளஸ் டூ முடித்த என் இளைய மகனுக்கு 18 வயது. பக்கத்து ஊரான பாடியில் டிங்கரிங் (ஒடுங்கிய கார்த் தகட்டைத் தட்டிச் சரிசெய்யும் வேலை) பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். அவன் படிப்புக்காக 4,80,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தொகையைக் கொடுத்தால் பெயின்ட் பூத் (தூசி படாமல் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) அமைத்து, எங்கள் இருவரையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்வதாக மைத்துனர் சொல்கிறார். மற்ற உறவினர்களோ இன்ஜினீயரிங்கில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் மகனை இந்தத் தொழிலில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பட்டறையில் இப்போது பணம் போட வேண்டாம். அவனுக்கு விருப்பமில்லாத இன்ஜினீயரிங் படிப்புக்கு இந்தச் சேமிப்பைக் கரைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்பத்தூரில் நான் வரவு செலவுக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் மூத்த டிங்கர் ஒருவர் இருக்கிறார். ஒடுக்கு எடுத்த கதவின் மேல் மெல்லிய வேஸ்ட் துணியை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவுவார். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தகட்டில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அந்தக் கை சொல்லிவிடும். தகட்டைச் சரியாகத் தட்டி எடுக்கத் தெரியாதவர் பள்ளத்தைப் பட்டி என்னும் நிரப்புப் பசையைப் பூசி மூடுவார். தடிமனாகப் பூசிய பட்டி நாளடைவில் வெடித்து, வண்டி மறுபடியும் பட்டறைக்கே வந்து நிற்கும். அந்த இரண்டாவது வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆகவே இந்தத் தொழிலில் முதலீடு என்பது முதலில் கைப்பழக்கம்தான். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும், பணம் அதிகம் ஆகாது.

மைத்துனரிடம் நேராகச் சேர்வதற்கு முன், ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்' அல்லது 'மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங்' பிரிவில் ஓராண்டு படிக்க வையுங்கள். எந்த நிலையத்தில் இந்தப் பிரிவு இருக்கிறது என்பதை மாணவர் சேர்க்கையின்போது பார்த்து விண்ணப்பியுங்கள். இன்றைய கார்களின் கூரையைத் தாங்கும் தூண்களிலும் கதவுச் சட்டங்களிலும் உயர்வலிமை எஃகு பயன்படுகிறது. பழைய வழக்கப்படி அதைக் காஸ் வெல்டிங் நெருப்பில் சூடாக்கி வளைத்தால் அதன் வலிமை போய்விடும்; அடுத்த விபத்தில் அந்தத் தூண் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றாது. மின்சாரக் காரில் வெல்டிங் வைப்பதற்கு முன் உயர் மின்னழுத்த பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை முறையாகக் கற்றவனுக்குப் பெரிய சர்வீஸ் சென்டர்களில் அப்ரன்டிஸ் வாய்ப்பும், பிறகு இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தத்தோடு கூடிய சம்பளமும் கிடைக்கும். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. உங்கள் மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

இனி மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். டிங்கரிங் பட்டறையில் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை ஒரு வண்டியின் கணக்கிலேயே பார்த்துவிடலாம். நாலரை ஆண்டு ஆன சிறிய கார் ஒன்று முன்பக்கம் மோதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பம்பர் 6,000, சக்கரத்தின் மேலுள்ள தகட்டு ஃபெண்டர் 4,000, பெயின்டிங் 12,000, டிங்கரிங் கூலி 3,000, ஆக மொத்தம் 25,000 ரூபாய். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். உரிமையாளர் 'ஜீரோ டெப்ரிசியேஷன்' (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) எடுக்காதவர் என்றால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் பம்பரில் 50 சதவீதமும், அந்த வயதுக்குரிய தகட்டில் 35 சதவீதமும் தேய்மானம் கழிக்கும். பெயின்டிங் தொகையில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிக்கும். ஆக 3,000, 1,400, 1,500. அதோடு, கிளெய்மில் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. வண்டிக்காரர் தன் கையிலிருந்து தர வேண்டியது 6,900 ரூபாய். மீதி 18,100 ரூபாய் இன்ஷூரன்ஸிலிருந்து வர வேண்டும்.

உதிரிபாகக் கடைக்காரருக்கும் பெயின்ட் கடைக்காரருக்கும் பட்டறைக்காரர் முன்னதாகவே பணம் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மாலை கூலியையும் நிறுத்த முடியாது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் பட்டறைக்கே நேராகப் பணம் தரும் கேஷ்லெஸ் ஒப்பந்தம் இல்லாத சிறிய பட்டறையில், "கிளெய்ம் பணம் வந்ததும் தருகிறேன்" என்று வண்டியை எடுத்துப் போகும் தெரிந்தவர்கள் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். இப்படி நான்கு வண்டிகள் போனால் 72,400 ரூபாய் வெளியே நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேலை குவிந்த பட்டறைகளிலும் பணமுடையைப் பார்த்தேன். வேலை கூடக்கூட முன்பணமும் கூடுகிறது. பெயின்ட் பூத் நல்ல சாதனம்தான். ஆனால் அதில் முழுத்தொகையையும் போட்டுவிட்டால், அதற்குள் நிறுத்த வேண்டிய வண்டிக்குப் பம்பர் வாங்கக் காசு இருக்காது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பு. மைத்துனர் நல்லவராகவே இருக்கலாம். அவர் முன்பு வாங்கி உங்களுக்குச் சொல்ல மறந்த கடனைப் புதுப் பத்திரத்தில் பட்டறைக் கடனாக ஏற்றுக்கொண்டுவிட்டால், அதை அடைக்க உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் கைவைக்க வேண்டி வரும். உறவுக்காக உதவியே ஆக வேண்டும் என்றால், திரும்ப வராவிட்டாலும் குடும்பம் தாங்கக்கூடிய 50,000 ரூபாய்க்கு மேல் போகாமல், புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடனாகக் கொடுங்கள். அதன்மேல் வழக்குத் தொடர 3 ஆண்டுதான் காலவரம்பு என்பதால் தேதியைக் குறித்து வையுங்கள்.

வைப்புத்தொகையில் 1,00,000 ரூபாயைக் குடும்பத்தின் அவசரத் தேவைக்கென எளிதில் எடுக்கும்படி வையுங்கள். 3,00,000 ரூபாயை 3 ஆண்டு வைப்பாகப் புதுப்பியுங்கள். மீதமுள்ள 80,000 ரூபாயில் மகனுக்குச் சொந்தமாகச் சுத்தியல், டாலி (தகட்டின் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) முதலிய கைக்கருவிகளை வாங்கிக் கொடுங்கள். அவனையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுங்கள். வேலைக்குப் போனதும் அவன் பெயரில் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கி, சம்பளத்தில் கால் பங்கையாவது அதில் போடச் சொல்லுங்கள்.

பிறகு தனிப் பட்டறை வைக்கும் காலம் வரும்போது, சாதனங்களுக்கு வங்கிக் கடனையும் அன்றாடச் சுழற்சிக்குச் சொந்தப் பணத்தையும் பயன்படுத்துவதுதான் சரியான முறை. முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் கேட்கலாம். சொந்தத் தொழில் தொடங்குவோருக்கு உதவும் மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., நீட்ஸ் ஆகிய திட்டங்களில் 25 சதவீத மானியம் உண்டு. நீட்ஸ் திட்டத்துக்கு ஐ.டி.ஐ. சான்றிதழும் தகுதியாக ஏற்கப்படுகிறது. 5 லட்சம் ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 10,870 ரூபாய். வண்டி வராத மாதத்திலும் இதைக் கட்ட முடியுமா என்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

மகனின் நுரையீரலைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் 2கே பெயின்டில், இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. அது நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகக்கவசம்தான் சரியான பாதுகாப்பு. அது இல்லாத இடத்தில் அவன் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று மைத்துனரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கி மூலம் இந்த மாதமே சேருங்கள். அவன் இ.எஸ்.ஐ., பி.எஃப். இல்லாத பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தால், ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் உரிய தமிழ்நாடு அமைப்புசாரா நலவாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். மைத்துனருக்கும் அந்தப் பதிவு இல்லாமல் இருந்து, 60 வயது நிறையாமலும் இருந்தால், மகனோடு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.